புளுகுக்குச் சிலை வைத்த ஊர்கள்

வியாழன், மோல்ன்

புளுகுக்கென்றே பேர்போன ஊர்கள் வட ஜெர்மனியில் நிறைய இருக்கின்றன. ஒன்றில், செத்தவனை நின்ற வாக்கில் புதைத்திருக்கிறார்கள். இன்னொன்றில், ஊருக்குள் கால் வைக்காத நான்கு விலங்குகளுக்கு வெண்கலச் சிலை. அப்படி ஓர் ஊரே கிடையாது என்று நாடே சொல்லிச் சிரிக்கும் ஊரும் உண்டு. ஹாம்பர்க்கில் வேலைக்கு வந்த நாளிலிருந்து இவற்றையெல்லாம் ஒரே வீச்சில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. கோடைக்கு அம்மா வந்திருக்கிறார். இதைவிட நல்ல துணை கிடைக்காது, ஏனென்றால் அம்மா கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் யார் எதைச் சொன்னாலும் "நிரூபி" என்பார்.

கையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டாயிற்று. மெய், புளுகு, கேள்விக்குறி. வழியில் கேட்கும் கதையெல்லாம் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் போய் உட்கார வேண்டும்.

மோல்ன், லூபெக்குக்குத் தெற்கே ஏரிகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். டில் ஆய்லன்ஷ்பீகல் என்ற ஊர்சுற்றிக் கோமாளி 1350-ல், கொள்ளைநோய்க் காலத்தில், இங்கே இறந்ததாகச் சொல்கிறார்கள். அப்படி ஒருவன் இருந்தான் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. அவன் கதைகள் ஸ்ட்ராஸ்பர்க்கில் அச்சேறியது 1510-ஐ ஒட்டித்தான். ஆனால் நிக்கோலாய் தேவாலயத்தில் அவன் பெயருக்குக் கல்லறைக் கல் இருக்கிறது. கல்லே பிற்காலத்தது. குழியில் இறக்கும்போது கால்மாட்டுக் கயிறு அறுந்து பெட்டி செங்குத்தாக நின்றுவிட்டதாம். "உயிரோடு இருந்தபோதே இவன் ஒரு மாதிரி, செத்த பிறகும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்" என்று மண்ணைத் தள்ளிவிட்டார்களாம்.

கல்லின் முன்னால் நின்று அம்மா கேட்டார்: "தோண்டிப் பார்த்தாங்களா?" பார்த்ததாக எங்கும் இல்லை. கேள்விக்குறி.

சந்தைத் திடலில் அவனுடைய வெண்கலச் சிலையோடு ஒரு நீரூற்று. கட்டைவிரலையும் கால்விரலையும் தேய்த்தால் அதிர்ஷ்டம் என்று வருகிறவர்கள் எல்லோரும் தேய்த்துத் தேய்த்து அந்த இரண்டு இடம் மட்டும் தங்கம் போல மின்னுகிறது. அதைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்கு அவன் கதைகளைச் சொன்னேன். ஒரே நாளில் மூன்று தடவை ஞானஸ்நானம் வாங்கிய குழந்தை அவன்: முதலில் கோயிலில், அப்புறம் குடித்துவிட்டு வந்த தாதி தவறவிட்டுச் சேற்றுத் தண்ணீரில், கடைசியாக வீட்டில் சேறு போக வெந்நீரில்.

வாசனைக் கதையும் அவனுடையதுதான். கொலோனில் ஒரு விடுதிக்காரன், "சாப்பிடாவிட்டால் என்ன, இறைச்சி வறுபட்ட வாசனையைப் பிடித்தாய் அல்லவா, காசு கொடு" என்றான். டில் ஒரு நாணயத்தைப் பலகையில் போட்டு, "சத்தம் கேட்டதா? வாசனைக்குச் சத்தம் சரியாகப் போச்சு" என்று அதைத் திரும்ப எடுத்துக்கொண்டான். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கேனே! அவங்க எங்கே கொலோனைப் பார்த்தாங்க?" நல்ல புளுகுக்கு எல்லைக் காவல் கிடையாது. இந்தக் கதை எத்தனையோ மொழிகளில், எத்தனையோ பேர் தலையில் கட்டப்பட்டு உலவுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது எர்ஃபுர்ட் கதை. எந்தப் பிராணிக்கும் எழுதப் படிக்கக் கற்றுத்தருவேன் என்று டில் சவால் விட, பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் ஒரு கழுதையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இருபது வருடம் தவணை கேட்டான். அதற்குள் கழுதையோ, தலைவரோ, நானோ போய்ச் சேர்ந்துவிடுவோம், யார் செத்தாலும் எனக்குக் கவலையில்லை என்பது அவன் கணக்கு. பழைய புத்தகத்தின் தாள்களுக்கு இடையில் ஓட்ஸைத் தூவி வைத்தான். கழுதை நாக்கால் தாள் தாளாகப் புரட்டித் தின்றது. தீர்ந்ததும் "ஈ, ஆ" என்று கத்தியது. "பார்த்தீர்களா, இரண்டு எழுத்து வந்துவிட்டது!"

அம்மா ரசித்துச் சிரித்தார். அப்புறம் செல்பேசியில் எதையோ தேடினார். "எர்ஃபுர்ட் பல்கலைக்கழகம் திறந்ததே 1392-லதான். இவன் 1350-ல செத்தாச்சு. நாற்பத்திரண்டு வருஷம் இடிக்குது." புளுகுப் பத்தியில் முதல் வரி விழுந்தது.

வெள்ளி, பிரேமன்

கழுதை, நாய், பூனை, சேவல். வயதாகிவிட்டது என்று எஜமானர்கள் ஒழித்துக்கட்டப் பார்த்ததால் ஓடிப்போய், பிரேமனுக்குச் சென்று பாட்டுக்காரர்கள் ஆகலாம் என்று கிளம்புகின்றன. கிரிம் சகோதரர்கள் 1819-ல் அச்சிட்ட கதை. வழியில் காட்டுக்குள் ஒரு திருடர் வீடு. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று நான்கும் ஒன்றாகக் கத்த, திருடர்கள் ஓட்டம் பிடிக்கிறார்கள். வீடு வசதியாக இருக்கவே அங்கேயே தங்கிவிடுகின்றன. கதை அதோடு சரி. பிரேமனுக்கு அவை வந்து சேரவே இல்லை.

ஆனால் நகர மன்றக் கட்டடத்தின் பக்கச் சுவரோரம் கெர்ஹார்ட் மார்க்ஸ் வடித்த சிலையாக 1953 முதல் நின்றுகொண்டிருக்கின்றன. கழுதையின் முன்னங்கால் இரண்டையும் இரண்டு கையாலும் பிடித்து ஏதாவது வேண்டிக்கொள்ள வேண்டும். ஒரு கையால் மட்டும் பிடித்தால், கழுதைக்குக் கழுதை கைகுலுக்குகிறது என்று உள்ளூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அம்மாவை முன்கூட்டியே எச்சரித்து இரண்டு கையாலும் பிடிக்க வைத்தேன்.

"வராதவங்களுக்குச் சிலை, வந்தவங்களை வரிசையில நிக்க வைக்கிறாங்க" என்றார். முன்னால் ஒரு பள்ளிக்கூடமே நின்றுகொண்டிருந்தது.

சந்தைத் திடலிலேயே தரையில் ஒரு வட்டமான மூடி இருக்கிறது. 2007-ல் வைத்தது. துளையில் காசு போட்டால் உள்ளேயிருந்து நான்கில் ஏதாவது ஒரு விலங்கு கத்தும். விழுகிற காசு ஒரு நல உதவி அமைப்புக்குப் போகிறது. முதல் காசுக்குப் பூனை. சேவல் கூவும் வரை அம்மா விடவில்லை.

பிரேமனின் ரோலண்ட் சிலையும் இங்கேதான். 1404-ல் கல்லில் செதுக்கிய ஐந்தரை மீட்டர் வீரன், உலகப் பாரம்பரியச் சின்னம். அவனுடைய இரண்டு முழங்கால்களுக்கு இடையிலுள்ள தூரம்தான் அந்தக் காலத்துப் பிரேமன் முழம், ஏறக்குறைய 55 சென்டிமீட்டர். துணிக்கடைக்காரன் அளவில் ஏமாற்றினால் இங்கே வந்து சரிபார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நகரின் நடுவில் நிற்கும் அளவுகோல் என்றதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ரோலண்ட் நிற்கும் வரை பிரேமன் சுதந்திர நகரமாகவே இருக்கும் என்றும் ஒரு நம்பிக்கை. அதனால் இது விழுந்தால் உடனே நிறுத்துவதற்கு நிலவறையில் இன்னொரு ரோலண்ட் தயாராக இருக்கிறான் என்று பேச்சு. கேள்விக்குறி.

ரோலண்டின் காலடியில் ஒரு மனித உருவம் தெரியும். பலர் கவனிப்பதில்லை. அதற்கு ஒரு கதை உண்டு. 1032-ல் எம்மா என்ற பிரபுகுலப் பெண்மணியிடம் நகர மக்கள் மேய்ச்சல் நிலம் கேட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ஒருவன் சுற்றிவரும் அளவு நிலம் தருகிறேன் என்றாள். சொத்துக்குக் காத்திருந்த உறவினன் ஏளனமாக, "ஏன், ஒரு நாள் முழுக்கச் சுற்றும் அளவு கொடுத்துவிடேன்" என்றான். சரி என்றுவிட்டாள். பதறிப்போனவன், நடப்பவனை நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்று நடக்கவே முடியாத ஒருவரைக் காட்டினான். அந்த மனிதர் விடியலில் தவழத் தொடங்கி இருட்டும் வரை ஓயாமல் தவழ்ந்து, யாரும் நினைத்துப் பார்க்காத அளவு நிலத்தை வளைத்துவிட்டார். அந்தப் புல்வெளியின் பெயர் இன்னும் நகரில் இருக்கிறது. ரயில் நிலையத்துக்குப் பின்புறம் அக்டோபர் திருவிழா நடக்கும் திடல் அதுதான்.

எம்மா வாழ்ந்தவள். திடல் கண்முன்னால் இருக்கிறது. நடுவில் இருக்கும் மனிதர்தான் கதை. அம்மா வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, மூன்று பத்திக்கும் குறுக்கே எழுதினார்.

கிளம்பும் முன் பேராலயத்துப் பக்கம் தரையில் சிலுவைக் குறி போட்ட ஒரு கருங்கல்லைக் காட்டினேன். மேலே எச்சில் தடம். இதில் புளுகே இல்லை. கெஷெ காட்ஃப்ரிட் என்ற பெண், எலிக்கு வைக்கும் ஆர்சனிக் கலந்த கொழுப்பைக் கொடுத்துப் பெற்றோர், பிள்ளைகள், கணவர்கள் உட்பட 15 பேரைக் கொன்றாள். ஒவ்வொருவர் நோயில் விழுந்தபோதும் அவளே பக்கத்தில் இருந்து பணிவிடை செய்ததால் ஊர் அவளைத் தேவதை என்று கொண்டாடியது. 1831-ல் தலையை வெட்டினார்கள். அந்த இடத்தைக் குறிக்கும் கல்லில் மக்கள் இன்றும் துப்பிவிட்டுப் போகிறார்கள். எர்ஃபுர்ட் கழுதை படித்ததும் பொய்தான், அவள் சிரித்த முகமும் பொய்தான். முதலாவதைச் சொல்கிறவரும் கேட்கிறவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். இரண்டாவதில் கேட்டவர்கள் செத்துப்போனார்கள். இந்த வித்தியாசத்துக்காகத்தான் எனக்கு அண்டப்புளுகின்மேல் இவ்வளவு மரியாதை.

சனி, பீலஃபெல்ட்

ரயிலில் அம்மாவுக்கு ஒரு பூச்சியைப் பற்றிச் சொன்னேன். கல் பேன். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வளராது, ஆனால் நாளொன்றுக்கு 28 கிலோ கான்கிரீட்டும் செங்கலும் தின்னும். ஜெர்மன் டாக்டர்கள் மேசையில் வைத்திருக்கும் ப்ஷிரெம்பெல் மருத்துவ அகராதியில் மற்ற நோய், கிருமிகளுக்கு நடுவே அதற்கும் தனிப் பதிவு உண்டு.

"அகராதியில இருக்கா? சும்மா அளந்து விடாதே."

இருக்கிறது. லோரியோ என்ற நகைச்சுவைக் கலைஞர் தொலைக்காட்சியில் கற்பனையாகக் காட்டிய பூச்சி அது. 1983 பதிப்பில் அகராதிக்காரர்கள் விளையாட்டாக உள்ளே சேர்த்துவிட்டார்கள். 1994-ல் இனி வேண்டாம் என்று எடுத்தார்கள். வாசகர்கள் சண்டைக்கு வந்ததால் 1997-ல் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று. அம்மா திணறிப்போனார். பூச்சி புளுகு, அகராதியில் இருப்பது மெய். அம்புக்குறி போட்டு இரண்டு பத்தியையும் இணைத்தார்.

பீலஃபெல்டில் இறங்கியதும் ரயில் நிலையப் பெயர்ப்பலகையைத் தொட்டுப் பார்த்தார். காரணம் இருக்கிறது. 1994 மே 16 அன்று கீல் நகரில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், இணையத்தின் ஆரம்பகாலக் குழுவான யூஸ்நெட்டில், பீலஃபெல்ட் என்ற ஊரே கிடையாது, அது ஒரு சதி என்று எழுதினார். விளையாட்டுக்குத்தான். ஆதாரமாக மூன்று கேள்வி: பீலஃபெல்டைச் சேர்ந்த யாரையாவது தெரியுமா? பீலஃபெல்டுக்குப் போயிருக்கிறாயா? போனவர் யாரையாவது தெரியுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் ஊரே இல்லை என்றுதானே அர்த்தம். தெரியும் என்று எவனாவது சொன்னால், அவனும் சதியில் கூட்டு.

எந்தச் சதிக் கோட்பாடும் எப்படித் தப்பிப் பிழைக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை. எதிர்ச் சான்றையே ஆதாரமாக விழுங்கிவிடுகிறது. அம்மா உடனே பிடித்துக்கொண்டார்: "தப்புன்னு காட்ட வழியே இல்லாத ஒன்னை நிரூபணம்னே சொல்லக் கூடாது. இதை ஒன்பதாம் வகுப்புலேயே பாடமா வைக்கணும்."

நகர நிர்வாகம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, பீலஃபெல்ட் இருக்கத்தான் செய்கிறது என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. வெளியிட்ட தேதி 1999 ஏப்ரல் 1. ஒருவரும் நம்பவில்லை. 2012-ல் பிரதமர் ஆங்கெலா மெர்க்கல் இந்த நகரில் பேசியதை நினைவுகூர்ந்தபோது, அப்படி ஓர் ஊர் இருந்தால், என்று சேர்த்துக்கொண்டார். தான் அங்கே இருந்ததாகத்தான் தோன்றியது என்றும் சொன்னார். 2014-ல் நகரத்துக்கு 800 வயது நிறைந்தது.

2019-ல் வந்ததுதான் உச்சம். பீலஃபெல்ட் இல்லை என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபிப்பவருக்கு 10 லட்சம் யூரோ பரிசு என்று நகரமே அறிவித்தது. உலகம் முழுவதிலிருந்தும் 2,000-க்கு மேல் முயற்சிகள் வந்து குவிந்தன. எதுவும் தேறவில்லை. பழைய நகரில், லினன் நெசவாளி சிலைக்குப் பக்கத்தில், கதை முடிந்தது என்று சொல்லும் ஒரு பாறையை நட்டார்கள். புளுகுக்கு நடுகல்! பிழைக்க வழி தெரிந்த ஊர். தன்னைக் கேலி செய்த கதையைத் தானே வாங்கி விளம்பரமாக்கிக்கொண்டது.

மற்றபடி ஊர் நன்றாகவே இருக்கிறது. மேட்டில் ஷ்பாரன்பர்க் கோட்டை, காற்று நன்றாக வருகிறது. ஜெர்மனி முழுக்க அடுமனைப் பொடி விற்கும் டாக்டர் ஓட்கர் நிறுவனத்தின் சொந்த ஊரும் இதுதான். ரயில் டிக்கெட்டை அம்மா நோட்டில் ஒட்டி வைத்துக்கொண்டார். சான்றாம்.

ஞாயிறு, ஹாமெல்ன்

லோனெயில் ரயில் மாறி வந்தோம். கோடை ஞாயிறுகளில் நண்பகலுக்குத் திருமண மாளிகை முன்னால் எலிபிடிப்பவன் நாடகம் நடக்கும், இலவசம். நாடகம் போடுகிறவர்கள் ஊர்க்காரர்களே. சாம்பல் நிற உடையில் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் எலிகள் எல்லாம் ஊர்ப் பிள்ளைகள். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். எலித் தொல்லை, பல வண்ண உடையில் ஒரு குழல்காரன், வேசர் நதியில் மூழ்கும் எலிகள், பேசிய கூலியைத் தராத ஊர்ப் பெரியவர்கள், பழிக்குப் பழியாகக் குழலின் பின்னே போய்த் திரும்பாத பிள்ளைகள்.

நடைபாதைக் கற்களில் பதித்திருக்கும் எலிகளைப் பின்பற்றிப் போனால் ஊரின் முக்கிய இடங்களையெல்லாம் பார்த்துவிடலாம். கடைகளில் மாவில் செய்து சுட்ட எலி. எங்கு திரும்பினாலும் எலி. அந்த எலிதான் இந்தக் கதையில் புளுகு.

இங்கே வந்து இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் போகக் கூடாது என்று நினைக்கிறேன். பழைய பதிவுகளில் எலியே கிடையாது. 1300 வாக்கில் இவ்வூர்த் தேவாலயத்தில் ஒரு கண்ணாடிச் சாளர ஓவியம் இருந்தது. 1660-ல் அது அழிந்துவிட்டாலும், அதைப் பார்த்தவர்களின் குறிப்புகள் இருக்கின்றன. லூனெபர்க்கில் கிடைத்த 15-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி இன்னும் தெளிவானது: 1284 ஜூன் 26 அன்று, நல்ல உடையணிந்த அழகான ஓர் ஆள், முப்பது வயது இருக்கும், வெள்ளிக் குழலோடு ஊருக்குள் வந்தான், அதைக் கேட்ட பிள்ளைகள் 130 பேர் அவன் பின்னால் கிழக்கு வாசல் வழியாகப் போனார்கள், பிறகு காணவில்லை. அவ்வளவுதான். எலி, கூலி, பழிவாங்கல் எதுவும் அதில் இல்லை. எலிகள் கதைக்குள் நுழைந்தது 1559-க்குப் பிறகு எழுதிய ஒரு குடும்ப வரலாற்றில். ஏறக்குறைய 275 வருடம் கழித்து.

பெஞ்சில் உட்கார்ந்து அம்மா இதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "அப்போ நம்ப முடியாத பகுதிதான் நிஜமா இருக்கும்னு சொல்றியா?"

அப்படித்தான் பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். நாளும் எண்ணிக்கையும் இவ்வளவு துல்லியமாக ஒரு கட்டுக்கதையில் இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்தக் காலத்தில் கிழக்கே காடுகளில் புதுக் குடியிருப்புகளுக்கு இளைஞர்களைத் திரட்டிச் செல்ல முகவர்கள் ஊர் ஊராக வந்தார்கள். பளபள உடை, வாத்தியம், ஆசை வார்த்தை. 'ஊரின் பிள்ளைகள்' என்றால் சின்னக் குழந்தைகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஊரில் பிறந்த வாலிபர்களையும் அப்படிச் சொல்வதுண்டு. வேசர் பகுதி ஊர்ப்பெயர்கள் பெர்லினுக்கு வடக்கே இருக்கும் வட்டாரங்களில் திரும்பவும் வருகின்றன என்று பெயராய்வாளர் யூர்கன் உடோல்ஃப் காட்டியிருக்கிறார். தொற்றுநோய், சிலுவைப் போர், நிற்காமல் ஆடவைத்த ஆட்டப் பைத்தியம் என்று வேறு விளக்கங்களும் உண்டு. எனக்குக் குடியேற்றம்தான் பொருத்தமாகப் படுகிறது. அப்படியென்றால் அந்தப் பிள்ளைகள் சாகவில்லை. எங்கேயோ நிலம் திருத்தி, பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்திருப்பார்கள்.

"தாய்க்கு அது தெரியாதே" என்றார் அம்மா.

பூங்கெலோசன் தெருவுக்குப் போனோம். குறுகலான தெரு, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம். பிள்ளைகள் கடைசியாகப் போன வழி இதுதான் என்பதால் இங்கே மேளம் கொட்டவோ பாடவோ ஆடவோ கூடாது. கல்யாண ஊர்வலம் வந்தாலும் இந்தத் தெருவுக்குள் வாத்தியத்தை நிறுத்திவிட்டுத்தான் நடக்க வேண்டும். 700 வருடத்துக்கு முன் நடந்த, என்னவென்றே தெரியாத ஒன்றுக்காக! தெருமுனையில் எலிபிடிப்பவன் வீடு என்று ஒரு கட்டடம். 1602-ல் கட்ட ஆரம்பித்தது, குழல்காரனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதன் பக்கச் சுவரில் தேதியையும் 130 பிள்ளைகளையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அம்மா அன்று நோட்டில் எழுதியது இரண்டே வரி. எலி: புளுகு. பிள்ளைகள்: மெய்.

திங்கள், போடன்வெர்டர்

இங்கே ரயில் வருவதில்லை. ஹாமெல்னிலிருந்து வேசர் கரையோரமாகவே பஸ். வழியெல்லாம் சைக்கிள்காரர்கள்.

அண்டப்புளுகின் தலைநகரம் இது. கார்ல் ஃப்ரீட்ரிக் ஹீரோனிமஸ் ஃபான் முன்ஷ்ஹவுசன் 1720 மே 11 அன்று இங்கே பிறந்தார். ரஷ்யப் படையில் சேர்ந்து துருக்கியருக்கு எதிரான போரில் இருந்தார். 1750-ல் ஊருக்குத் திரும்பிப் பண்ணையையும் வேட்டையையும் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் நண்பர்கள் கூடினால் போர்க்களக் கதையும் வேட்டைக் கதையும் சொல்வார், முகத்தில் சிரிப்பே வராமல்.

அவர் பிறந்த வீடுதான் இன்று நகர மன்றம். முன்னால் நீரூற்றில் பாதிக் குதிரை ஒன்று நிற்கிறது, மேலே பாரன் (பிரபு) முன்ஷ்ஹவுசன் உட்கார்ந்திருக்கிறார். கோட்டைக்குள் பாய்ந்து நுழையும்போது கதவு சரிந்து விழுந்து குதிரையின் பின்பாதி வெளியிலேயே நின்றுவிட்டது. அது தெரியாமல் தண்ணீர் காட்ட, குதிரை குடித்துக்கொண்டே இருக்கிறது, குடித்ததெல்லாம் பின்னால் கொட்டிக்கொண்டே இருக்கிறது. சிலையிலும் கொட்டுகிறது. அம்மா முன்னால் நின்று பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், திரும்ப முன்னால் வந்தார். இந்தப் பயணத்தில் அவர் இவ்வளவு சிரித்து நான் பார்க்கவில்லை.

பனியில் ஒரு கட்டையில் குதிரையைக் கட்டிவிட்டுப் படுத்தார். விடிந்தபோது பனி உருகிவிட்டது. இவர் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார், குதிரை தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் தொங்குகிறது. கட்டை என்று நினைத்தது கோபுர நுனி! குளிரில் ஊதுகொம்புக்குள் பாட்டு உறைந்துபோய், விடுதி அடுப்புப் பக்கம் மாட்டியதும் உருகித் தானாக வாசித்தது. தோட்டா தீர்ந்து செர்ரிக் கொட்டையால் சுட, அடுத்த வருடம் அதே மான் தலையில் செர்ரி மரத்தோடு வந்து நின்றது. பீரங்கிக் குண்டில் ஏறி எதிரிக் கோட்டைக்குப் பறந்து, பாதி வழியில் எதிரே வந்த குண்டுக்குத் தாவித் திரும்பினார். சேற்றில் மூழ்கியபோது தன் சடையைத் தானே பிடித்து இழுத்துக் குதிரையோடு கரையேறினார். ஒவ்வொன்றிலும் ஓர் ஒழுங்கு இருப்பதைப் பாருங்கள். ஒரே ஒரு விதியைத்தான் மீறுவார், மற்றதெல்லாம் கறாராக நடக்கும். பனி உருகினால் குதிரை தொங்கத்தான் வேண்டும். பின்பாதி இல்லையென்றால் தண்ணீர் ஒழுகத்தான் வேண்டும். மட்டமான புளுகன் எல்லா விதியையும் ஒன்றாக மீறிவிடுகிறான், அதனால்தான் யாரும் சிரிப்பதில்லை.

இதில் எத்தனை கதை அவர் வாயிலிருந்து வந்தது என்பது வேறு விஷயம். அவரிடமிருந்து வந்ததாகச் சொல்லிக் கொஞ்சம் கதைகள் 1781-ல் பெர்லினில் அச்சில் வந்தன. பிறகு 1785-ல் லண்டனில் ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகம், எழுதியவர் பெயர் இல்லாமல். எழுதியவர் ருடால்ஃப் எரிக் ராஸ்பெ. காசெல் நகரில் மன்னரின் நாணயங்களையும் மணிக்கற்களையும் காக்கும் பொறுப்பில் இருந்து, அவற்றையே திருடி விற்று, 1775-ல் இங்கிலாந்துக்கு ஓடிப்போன ஆள். நிலவியலில் கெட்டிக்காரர் வேறு. அடுத்த வருடமே கவிஞர் பியுர்கர் அதை ஜெர்மனுக்குக் கொண்டுவந்து, பீரங்கிக் குண்டையும் சடைக் கதையையும் தானாகச் சேர்த்தார். பாரனுடைய பெயரிலேயே புத்தகம் ஐரோப்பா முழுக்க ஓடியது.

புளுகுப் பிரபு என்ற பட்டம் அவருக்கு வந்து ஒட்டிக்கொண்டது. வேடிக்கை பார்க்க வீட்டு வாசலுக்கு ஆட்கள் வந்தார்கள். மனம் நொந்துபோனார். நண்பர்களைச் சிரிக்க வைக்கச் சொன்ன கதைக்கு அவர் பொய்யர் ஆனார். மன்னரின் பெட்டியில் கைவைத்தவர் பெயரைப் பல காலம் யாரும் அறியவில்லை. எனக்கு இது இன்றைக்கும் ஆறவில்லை. 1797-ல் இறந்தார். பக்கத்துக் கெம்னாடெ ஊரின் மடாலயத் தேவாலயத்தில் குடும்பக் கல்லறையில் இருக்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

பெயர் இன்னும் ஓயவில்லை. இல்லாத நோயை இருப்பதாகக் காட்டி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையும் மனநோய்க்கு 1951-ல் டாக்டர் ரிச்சர்ட் ஆஷர் இவர் பெயரை வைத்தார். அந்த மனிதர் நோயென்று நடித்ததே இல்லை. கணக்கிலும் இருக்கிறார். 3435 என்ற எண்ணுக்கு 2009-ல் முன்ஷ்ஹவுசன் எண் என்று பெயர் வந்தது. ஒவ்வோர் இலக்கத்தையும் அதே இலக்கத்தின் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டினால் அதே எண் திரும்ப வரும். தன் சடையைத் தானே பிடித்துத் தூக்கிக்கொள்கிறது.

அம்மா நோட்டைப் பறித்துக்கொண்டார். 3-ன் அடுக்கு 3, 27. 4-ன் அடுக்கு 4, 256. திரும்ப 27. 5-ன் அடுக்கு 5, 3125. கூட்டல், 3435. "அட!" என்றார். பிறகு, சுழியத்தின் சுழிய அடுக்கை 1 என்று எடுத்துக்கொண்டால் நம் பத்தடிமான எண்களில் 1-ஐத் தவிர வேறு எதுவும் இப்படி வராது என்பதைக் கேட்டுவிட்டு, மெய்ப் பத்தியில் அடிக்கோடு போட்டு எழுதினார்.

பஸ் நிறுத்தத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு முதியவர். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்கள் கொஞ்சம்தான், அதில் ஊர்ப்பெயர்கள் அடக்கம். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, "பீலஃபெல்ட்" என்றார்.

"அப்படி ஓர் ஊரே கிடையாதே, அம்மா" என்றார் முதியவர், அதைவிட நேரான முகத்தோடு.

அம்மா நோட்டைத் திறந்து ஒட்டியிருந்த டிக்கெட்டைக் காட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்து, தாளைத் தடவிப் பார்த்து, "நல்ல அச்சு வேலை" என்று திருப்பிக் கொடுத்தார். நான் மொழிபெயர்த்ததும் அம்மா வாய்விட்டுச் சிரிக்க, அவரும் சிரிக்க, வந்து நின்ற பஸ்ஸின் ஓட்டுநர் என்ன விஷயம் என்று கேட்டார். இவர்கள் பீலஃபெல்டிலிருந்து வந்திருக்கிறார்களாம் என்றார் முதியவர். ஓட்டுநர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் தங்கை வீட்டுக்காரரும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்றார்.